திமிங்கலச் சுறாவை வலையிலிருந்து விடுவிக்க எந்தக் கத்தி? கடையிலும் பட்டறையிலும் கிடைப்பவை பற்றிய மதிப்பீடு

குமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எந்த வள்ளத்தில் ஏறிப் பார்த்தாலும் ஒரு கத்தி கிடக்கும். பெரும்பாலும் அது மீன் அறுக்கிற பிச்சாத்திதான். கைப்பிடியில் நைலான் நூல் சுற்றி, பலகை இடுக்கில் செருகியிருப்பார்கள். சாளை வலையில் விழுந்த சிக்கலை அறுக்க அது போதும். கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலைக்குள் எட்டு மீட்டர் நீளத்தில் ஓர் அம்மணி உளுவை, அதாவது திமிங்கலச் சுறா, வந்து நின்றால் அந்தப் பிச்சாத்தி போதாது. மீனுக்கும் ஆபத்து, பிடித்திருக்கிற கைக்கும் ஆபத்து. வலையும் தேவையில்லாமல் நாசமாகும்.

கொல்லன் பட்டறை வளைவுக் கத்தி, ஆன்லைனில் வாங்கும் மடக்குக் கத்தி, முக்குளிப்பவர்கள் கட்டும் மொண்ணை முனைக் கத்தி, நீளக் கழியில் பொருத்தும் வெட்டி, கம்பி வெட்டி ஆகிய ஐந்தையும் இந்த ஒரு வேலைக்காகவே இங்கே எடை போடுகிறோம். மீன் வெட்டவோ தேங்காய் உடைக்கவோ இவற்றில் எது நல்லது என்பது வேறு கணக்கு.

முதலில் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். திமிங்கலச் சுறா உலகின் மிகப் பெரிய மீன். திமிங்கலங்கள் பாலூட்டிகள் என்பதால் அவை இந்தப் போட்டியில் இல்லை. அடுத்த இடத்தில் இருக்கும் பாஸ்கிங் சுறா (basking shark) நம் கடலில் வாழ்வதில்லை. திமிங்கலச் சுறா 18 மீட்டருக்கு மேல் வளர்ந்ததாகப் பதிவு உண்டு. வலையில் மாட்டுபவை பெரும்பாலும் அதைவிட மிகச் சிறியவை, ஆனாலும் டன் கணக்கில் எடை இருக்கும். உண்பது மிதவை உயிர்கள், மீன் முட்டை, சிறு மீன். கடிக்காது. வாய்க்குள் முந்நூறுக்கு மேற்பட்ட வரிசைகளில் நுண்ணிய பற்கள் உண்டு, அவற்றால் யாரையும் காயப்படுத்த முடியாது. ஆபத்தெல்லாம் வாலில்தான். சுறாவின் வால் செங்குத்தாக நிற்பது, இடம் வலமாக வீசும். எனவே வால் பக்கவாட்டில் வீசும் எல்லைக்குள் வள்ளமும் ஆளும் இருக்கக் கூடாது.

முதுகுத் தோலும் அதன் அடியில் உள்ள தசைநார்ப் படலமும் சேர்ந்து சுமார் 10 செ.மீ. தடிமன் வரும். அதனால் ‘கத்தி பட்டால் ஒன்றும் ஆகாது’ என்று சிலர் சொல்வார்கள். முதுகுக்கு அது ஓரளவு சரி. வலை இறுகுவது முதுகில் அல்லவே. தலைக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள ஐந்தைந்து செவுள் பிளவுகளிலும், மார்புத் துடுப்பின் அக்குளிலும், வாலின் அடியிலும்தான் இறுகும். செவுள் இழை மெல்லியது. அங்கே கூர்முனை ஒரு அங்குலம் இறங்கினால், வலையிலிருந்து விடுபட்டாலும் மீன் பிழைப்பது சந்தேகம். (கண்ணைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: இந்த மீனின் கண்விழி மீதே பல் போன்ற நுண்செதில்கள் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்டார்கள். அதற்காகக் கத்தியைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம்.)

உடல் முழுக்க அந்த நுண்செதில் உண்டு, உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு. கத்தி விளிம்பு தோலில் உரசினால் சில இழுப்பிலேயே கூர் போய்விடும். ஆகவே விளிம்பு மீனைப் பார்த்திருக்கக் கூடாது. வலையைத் தோலிலிருந்து தூக்கி, வெளிப்புறமாக இழுத்து அறுக்கத் தோதான கத்திதான் வேண்டும். கூர்முனை கூடாது, ஒரு கையால் வேலை நடக்க வேண்டும், நனைந்து தொய்ந்த நூலையும் அறுக்க வேண்டும். ஒவ்வொரு கத்தியையும் இந்த மூன்றையும் வைத்தே பார்த்தோம்.

தொய்ந்த நூல் என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். பாதிக் கத்திகள் தோற்பது அங்கேதான். நைலான் தண்ணீரில் ஊறினால் பலம் கொஞ்சம் குறையும், ஆனால் இழுபடும் தன்மை கூடும். வழவழப்பான விளிம்பை வைத்து அழுத்தினால் நூல் கத்தியோடு சேர்ந்து போகுமே தவிர அறாது. தங்கூசி எனும் ஒற்றை இழை நைலான் நரம்பு இன்னும் மோசம், விளிம்பில் வழுக்கி ஓடும். வலையின் மேல்விளிம்பில் மேல்கயிறாக வரும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றில் இழைகள் தனித்தனியாகப் பிரிந்து கத்தியைச் சுற்றும். ரம்பப் பல் வைத்த விளிம்பு இழையைப் பிடித்து நிறுத்தி அறுக்கும், வளைவு நூலைத் தானே ஒன்றுகூட்டி இறுக்கும். இவை இரண்டும் சேர்ந்தால் வேலை முடிந்தது.

பட்டறைக் கத்திக்கு வருவோம். எங்கள் தீர்ப்பில் முதல் இடம் இதற்குத்தான். ஆனால் கடையில் தொங்குகிற கருக்கரிவாளை அப்படியே வாங்கினால் அல்ல, சொல்லிச் செய்ய வைத்தால். கருக்கரிவாளில் ரம்பப் பல்லும் உண்டு, வளைவும் உண்டு, முனை மட்டும் ஊசி போல் இருக்கும். கொல்லரிடம் இப்படிச் சொல்ல வேண்டும்: அலகு 10 முதல் 12 செ.மீ., உள்வளைவில் மட்டும் கூர், வெளிமுதுகு உருண்டையாக, முனையை மடக்கி ஒரு பட்டாணி அளவுக்கு உருட்டி விட வேண்டும். உள்வளைவின் வாய் 12 மி.மீ. கயிறு தடையில்லாமல் நுழையும் அகலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மேல்கயிற்றில் கொளுவாது. ரொம்ப அகலமானால் சிறு கண்ணிக்குள் முனை புகாது. கைப்பிடி ஒரு சாண் அளவுக்குக் குறையக் கூடாது. அலகின் அடி கைப்பிடிக்குள் முழுநீளம் போய் இரண்டு ஆணி அடித்திருக்க வேண்டும். அரக்கு வைத்துச் செருகிய பிடி உப்புத் தண்ணீரில் விரைவில் கழன்றுவிடும்.

பல் வெட்டுவது தோய்ச்சலுக்கு (காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்து இறுக்குவதற்கு) முன்பு. முக்கோண அரத்தால், பிடியை நோக்கிச் சாய்வாக, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு பல். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இழுக்கும்போது அறுக்காது, தள்ளும்போது அறுக்கும். வள்ளத்தில் குனிந்து நின்று யாரும் தள்ளி அறுப்பதில்லை. லாரி வில் பட்டையில் அடித்தால் இரும்பு நன்றாக இருக்கும். தோய்ச்சல் கூடினால் வளைவின் கழுத்தில் கீறி ஒடியும், குறைந்தால் பல் மடங்கும். வாங்கும்போதே ஒரு சிறு அரத்தை விளிம்பில் உரசிப் பாருங்கள். அரம் லேசாகக் கடித்தால் பதம் சரி. கண்ணாடியில் போல வழுக்கினால் கூடுதல், வெண்ணெயாய் இறங்கினால் குறைவு.

இதன் குறை துருதான். ஒரே நாள் உப்புக் காற்றில் பழுப்பு படரும். தேங்காய் எண்ணெய் தடவுவது வழக்கம். அது சில நாளில் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினுக்குப் போடும் கிரீஸை மெல்லிசாகத் தடவி, பழைய சைக்கிள் ட்யூப் துண்டுக்குள் செருகி வைப்பது மேல்.

இனி மடக்குக் கத்தி. ‘ரெஸ்க்யூ’ என்று எழுதி ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அழகாக வருவது. பெட்டியைத் திறந்து அறுத்தால் நன்றாகவே அறுக்கும். கடலுக்குப் போன பிறகுதான் பிரச்சினை. மடங்கும் இடத்தில் உப்புப் படிந்து, அவசரத்துக்குத் திறக்காது. பூட்டுத் தகடு துருப்பிடித்தால் அழுத்தம் கொடுக்கும்போது விரல் மேலேயே மூடும். ரம்பப் பல் பிடிக்கு அருகே பாதி அளவுக்குத்தான் இருக்கும். கயிறோ முனைப் பக்கம் வழுக்கும், அங்கே வெறும் விளிம்பு. முனையும் கூர். காரில் சீட் பெல்ட் அறுக்க வாங்குங்கள், வள்ளத்துக்கு வேண்டாம்.

மொண்ணை முனைக் கத்தி, முக்குளிப்பவர்கள் காலில் கட்டுவது, கடையில் வாங்கும் பொருள்களில் இதுதான் சிறந்தது. முனை உளி போல் தட்டையாக வெட்டியிருக்கும். ஒரு விளிம்பு வழவழப்பு, மறு விளிம்பு ரம்பம், முதுகில் தங்கூசி அறுக்க ஒரு சிறு கொக்கிப் பள்ளம். அந்தப் பள்ளம் ஒன்றுக்காகவே இதை மெச்சலாம். தங்கூசி வலையில் மற்ற எதைவிடவும் வேகமாக ஓடுகிறது. எவர்சில்வர் அலகு என்பதால் துரு மெதுவாக வரும், வராமல் இருக்காது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இந்த எஃகு கொஞ்சம் மென்மையானது, கூர் சீக்கிரம் மழுங்கும். வழவழப்பான பக்கத்தைச் சாணை பிடிக்கலாம். ரம்பப் பக்கத்தைத் தெருச் சாணைக்காரரிடம் கொடுத்தால் பல்லையெல்லாம் தேய்த்துச் சமமாக்கிவிடுவார். மெல்லிய உருண்டை அரத்தால் ஒவ்வொரு பள்ளமாக நாமே தீட்டுவதுதான் வழி. டைட்டானியம் என்று விற்பது துருப்பிடிக்காது, விலை பல மடங்கு, கூர் நிற்பது இதைவிடக் குறைவு. நம் வேலைக்கு அந்தப் பணம் வீண்.

இதோடு வரும் பிளாஸ்டிக் உறையை நம்ப வேண்டாம். வெயிலில் கிடந்து கிளிப் உடையும். காலில் கட்டும் வார் வள்ளத்தில் யாருக்கும் பயன்படாது. கைப்பிடி ஓட்டையில் ஒரு முழம் நூலும் அதன் நுனியில் வலை மிதவை ஒன்றும் கட்டுங்கள். எவர்சில்வர் கத்தி தண்ணீரில் விழுந்தால் மிதக்காது, இந்த மிதவை அதைத் தூக்குமா என்று கரையிலேயே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அந்த நூலை மணிக்கட்டில் மாட்டக் கூடாது. கத்தி வலையில் மாட்டிக்கொண்டு மீன் ஓடினால் கையும் கூடப் போகும்.

கழி வெட்டி இரண்டு மீட்டர் கழியின் நுனியில் கொக்கி அலகு வைத்தது. ஆமைகளைத் தூண்டில் கயிற்றிலிருந்து விடுவிக்க உலகெங்கும் பயன்படுகிறது. வள்ளத்தின் விளிம்பு தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே இது தொந்தரவுதான், கழி நாலு பேர் தலையில் இடிக்கும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து போகும் பெரிய ஆழ்கடல் படகுகளுக்கு மட்டும் இது அவசியம். தளம் உயரம் என்பதால் குனிந்து கை எட்டாது, எட்ட முயன்றால் ஆள் விழுவார். வாங்கும்போது அலகு இழுத்தால் அறுப்பதா, தள்ளினால் அறுப்பதா என்று பாருங்கள். இழுப்பதுதான் வேண்டும். அலுமினியக் கழி இலகுவானது, ஆனால் திருகு மூட்டு தளரும். மூங்கிலில் அலகை ஆணியடித்துக் கட்டினால் மாற்றுவதும் எளிது, மிதக்கவும் செய்யும்.

கம்பி வெட்டி எல்லாருக்கும் தேவையில்லை. சுறாத் தூண்டிலில் நுனிக்கு எஃகுக் கம்பி வைக்கும் தூத்தூர் பக்கத்துப் படகுகளில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். திமிங்கலச் சுறா இரை கொத்தி மாட்டுவது அபூர்வம். துடுப்பில் கயிறு சுற்றி, கொக்கி வெளியே குத்தி மாட்டுவதுதான் நடக்கிறது. அப்போது கத்தியால் கம்பியை ராவிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். 45 செ.மீ. நீள வெட்டி போதும், தாடையில் கிரீஸ் தடவி வையுங்கள்.

எந்தக் கத்தியானாலும் எங்கே அறுக்கிறோம் என்பதில்தான் வலையின் செலவு இருக்கிறது. பெரிய வலைகள் துண்டு துண்டாகத் தைத்து இணைத்தவை. மீன் நிற்கும் இடத்துக்கு அருகில் அப்படி ஓர் இணைப்பு இருந்தால் வலையைத் தொடாமல் இணைப்பு நூலை மட்டும் உருவி அறுங்கள். மறுபடி கோர்த்துவிட முடியும், கண்ணி ஒன்றும் போகாது. இணைப்பு தொலைவில் இருந்தால் மேலிருந்து கீழாக ஒரே வரிசைக் கண்ணியைப் பிடித்து நேராகப் போங்கள். குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்த வலையைப் பின்னுவதைவிடத் தூக்கி எறிவது சுலபம். மேல்கயிற்றைக் கடைசி வரை அறுக்க வேண்டாம். மிதவைகளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாலே பல நேரம் மீன் மேலே வழுக்கிப் போய்விடும்.

செவுள் வலையில் முதலில் எஞ்சினை நிறுத்தி, வலை இழுப்பதையும் நிறுத்த வேண்டும். இழுவை இருக்கும் வரை ஒவ்வொரு கண்ணியும் செவுளுக்குள் இறுகிக்கொண்டே போகும். பிறகு தலை எந்தப் பக்கம் என்று பார்த்து, தலைப் பக்கமிருந்து தொடங்குங்கள். இந்த மீன் முன்னால் நீந்தும்போது வாய் வழியாகத் தண்ணீர் நுழைந்து செவுள் வழியாக வெளியேறும். வாயின் முன்பக்கம் வழி திறந்துவிட்டால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். வாலில் கயிறு கட்டிப் பின்னோக்கி இழுத்தால் தண்ணீர் எதிர்வழியில் பாய்ந்து செவுள் கெடும். வாலைக் கட்டித் தூக்குவது, செவுளில் கை கோர்ப்பது, துடுப்பில் கொக்கி மாட்டுவது இவை மூன்றும் கூடவே கூடாது.

கரமடியில் நிலைமை வேறு. கம்பாவை, அதாவது வலையின் இழுகயிற்றை, இருபுறமும் கரையிலிருந்து இழுத்துக்கொண்டிருப்பார்கள், மடி கரைக்கு நெருங்கிய பிறகுதான் உள்ளே என்ன என்று தெரியும். தெரிந்த உடனே இழுப்பை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். ஆழம் இடுப்பளவுக்குக் குறையும் முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். தண்ணீர் தாங்காவிட்டால் டன் கணக்கான உடலின் பாரம் அதன் மீதே விழுந்து மூச்சு முட்டும். நம் கடற்கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஏற்றம் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்று காத்திருப்பது பயனற்றது. மடியின் கடல் பக்கத்து ஓரத்தைப் பிளந்து, தலையைக் கடலுக்குத் திருப்பி விடுவதுதான் வழி. அந்த வேலைக்கு வள்ளத்தில் ஒருவர், கையில் வளைவுக் கத்தி. தண்ணீரில் குதித்து அறுக்க முயல்வது வீரம்தான், வால் ஒரு தடவை திரும்பினால் விலா போகும்.

இந்த மீன் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. குஜராத்தில் ஒரு காலத்தில் ஈரலெண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றார்கள். 2004-ல் ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபுவை முன்னிறுத்தித் தொடங்கிய பிரச்சாரத்துக்குப் பிறகு அங்கே மீனவர்களே வலையை அறுத்து நூற்றுக்கணக்கில் விடுவித்திருக்கிறார்கள். அறுத்த வலைக்கு அரசு இழப்பீடும் கொடுக்கிறது, விடுவித்ததற்குப் படச் சான்று கேட்பார்கள். எங்கே வலையை அறுத்தாலும் தலைக்குப் பின்னால் செவுள் தெரியும் இடப்பக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். அங்குள்ள வெள்ளைப் புள்ளிகள் மீனுக்கு மீன் மாறுபடும், அதை வைத்து ஆய்வாளர்கள் தனி மீனை அடையாளம் காண்கிறார்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. அழைக்கும் வேலையைக் கரையில் நிற்பவரிடம் விடுங்கள், கத்தி பிடித்தவர் கத்தியைப் பார்க்கட்டும்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கிழிந்த நைலான் வலைத் துண்டு, ஒரு முழம் 12 மி.மீ. கயிறு, கொஞ்சம் தங்கூசி இவற்றைத் தண்ணீரில் நனைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய், தொங்கவிட்டுத் தொய்வாகவே அறுத்துப் பாருங்கள். இழுத்துப் பிடித்த காகிதத்தை அறுத்துக் காட்டுவது எல்லாக் கத்தியாலும் ஆகும். நனைந்த கயிற்றை மூன்று இழுப்புக்குள் அறுக்காத கத்தி வேண்டாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

செவுள் வலை வள்ளத்துக்கு ஒரு பட்டறைக் கத்தியும் ஒரு மொண்ணை முனைக் கத்தியும் போதும். முதலாவது மேல்கயிறுக்கும் தடித்த நூலுக்கும், இரண்டாவது தங்கூசிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பட்டறைக் கத்தி. கரமடிக்காரர்கள் இரண்டு வளைவுக் கத்தி வைத்துக்கொள்ளலாம், ஒன்று வள்ளத்தில், ஒன்று கரையில் கம்பா பிடிப்பவர்களிடம். வைக்கும் இடம் வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தில், கை நீட்டினால் எட்டும் உயரத்தில், ட்யூப் துண்டில் செருகி. மீன் வெட்டவும் அதையே எடுக்க ஆரம்பித்தால் பத்து நாளில் பல் போய்விடும், அதனால் பிச்சாத்தி பிச்சாத்தியாகவே தனியாகக் கிடக்கட்டும்.